அந்தச் சின்ன அறை யாருக்கு?

உங்கள் வீட்டில் எத்தனை அறைகள், சொல்லுங்கள் பார்ப்போம். "கூடம் ஒன்று, படுக்கிற அறை ஒன்று, சமையலறை, அப்புறம் ஓரமாக ஒரு சின்ன அறை" என்பீர்கள். அந்தச் சின்ன அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எந்தக் குடும்பத் தலைவியும் சற்று வெட்கத்தோடுதான் பதில் சொல்வாள். அரிசி டின், டிரங்குப் பெட்டி, தையல் மிஷின், கொலுப் பொம்மைகள், மாப்பிள்ளை வந்தால் விரிக்கிற மெத்தை. "அது சும்மாக் கிடக்கிற அறைதான்" என்பாள். சொல்லி வாய் மூடுமுன், "இரு, உள்ளேயிருந்து முறத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று அதற்குள்ளேயே நுழைவாள்.

ஒரு நாள் காலையில் தபால்காரர் ஒரு சர்க்கார் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். கணவன் மனைவிக்கு ஒரு படுக்கையறை போதும். இன்னொன்று உபரி. ஆகையால் உங்களுக்குக் கொடுத்து வரும் வாடகை உதவியில், வாடகையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைக்கப்படுகிறது. இஷ்டமிருந்தால் பாக்கியை நீங்களே கட்டலாம். இல்லாவிட்டால் சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டு போகலாம்." இப்படி எழுதியிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இது நான் கட்டிய கதை இல்லை. பிரிட்டனில் 2012-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த ஏற்பாடு. அந்தத் தேசத்தில் வருமானம் போதாதவர்களுக்கு வாடகை கட்டச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. நகரசபைகளும் தர்ம ஸ்தாபனங்களும் குறைந்த வாடகைக்கு வீடு விடுகின்றன. அந்த வீடுகளில் இருக்கும் குடித்தனக்காரர்களுக்குத்தான் இந்த வெட்டு. ஓர் அறை உபரியானால் நூற்றுக்கு 14. இரண்டோ அதற்கு மேலோ உபரியானால் 25. ஓய்வூதிய வயதைத் தாண்டிய முதியவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள்.

யாருக்கு எத்தனை அறை என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. தம்பதிக்கு ஒன்று. பத்து வயதுக்குள் இருக்கும் இரண்டு குழந்தைகளுக்குச் சேர்த்து ஒன்று. இரண்டும் பையன்கள், அல்லது இரண்டும் பெண்கள் என்றால், பதினாறு வயது வரைக்கும் ஒன்று. நம் வீடுகளில் ஒரே கூடத்தில் எட்டுப் பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்களுக்கு, "இதில் என்ன அநியாயம்?" என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சர்க்கார் சொன்ன காரணமும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன. இன்னொரு பக்கம் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. வரி கட்டுகிறவர் பணத்தில் காலி அறைக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும்?

ஆனால் அந்தச் சர்க்கார் போட்ட கணக்கிலேயே ஒரு விஷயம் இருந்தது. இந்த வெட்டுக்கு ஆளாகும் குடும்பங்கள் சுமார் 6,60,000. அவற்றில் உடல் ஊனமோ தீராத நோயோ உள்ள ஒருவர் இருக்கும் குடும்பங்கள் சுமார் 4,20,000. மூன்றில் இரண்டு பங்கு! சராசரி நஷ்டம் வாரத்துக்கு 14 பவுன். (பவுன் என்றதும் நகைப் பெட்டியை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள். அங்கே நாணயத்துக்கே அதுதான் பெயர்.)

ஏன் மாற்றுத்திறனாளிகளின் வீட்டில் மட்டும் இவ்வளவு உபரி அறைகள்? அவர்கள் என்ன அரண்மனையிலா இருந்தார்கள்? அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. மூச்சுக்கு உதவும் சாதனங்கள் இருந்தன. மாற்று வீல் சேர், டயாலிஸிஸ் பொட்டலங்கள், இரவு முழுவதும் வலியில் முனகும் மனைவிக்குப் பக்கத்து அறையில் இரண்டு மணி நேரமாவது தூங்கி எழுந்தால்தான் காலையில் அவளைத் தூக்க முடியும் என்ற நிலையில் ஒரு கணவன். வாய்ப்பாட்டில் இவர்களுக்கெல்லாம் கட்டம் இல்லை.

ஒரு தம்பதியின் வழக்கு லண்டன் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. மனைவிக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். உடம்பில் புண் வராமலிருக்க விசேஷ மெத்தை போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க வேண்டும். இரண்டாவது கட்டிலுக்கு அந்த அறையில் இடமில்லை. கணவர் அடுத்த அறையில் படுத்தார். அந்த அறைக்குத்தான் வெட்டு. இன்னொரு வழக்கு வேல்ஸ் பகுதியிலிருந்து வந்தது. தாத்தாவும் பாட்டியும் கடும் ஊனமுள்ள பேரனை வளர்த்து வந்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தை. வாரத்தில் சில இரவுகள் வெளியிலிருந்து ஒரு பெண் வந்து தங்கிப் பார்த்துக்கொண்டால்தான் கிழவர்கள் கண்ணை மூட முடியும். அவள் படுக்கும் அறை, "உபரி".

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். விதியில் விலக்குகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊனம் காரணமாக இரண்டு குழந்தைகள் ஒரே அறையில் படுக்க முடியாவிட்டால் தனி அறை உண்டு. பெரியவர்கள் அப்படிப் படுக்க முடியாவிட்டால்? கிடையாது. பெரியவருக்கு இரவு உதவியாள் தேவைப்பட்டால் அவருக்கு ஓர் அறை உண்டு. குழந்தைக்குத் தேவைப்பட்டால்? கிடையாது. பாயசத்துக்குச் சர்க்கரையும் சாம்பாருக்கு உப்பும் எடுத்து வைத்துவிட்டு இரண்டையும் மாற்றிப் போட்ட கதைதான். 2016 நவம்பர் 9-ஆம் தேதி ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, இந்த இரண்டு வித்தியாசங்களுக்கும் நியாயமான காரணம் எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து அவ்விரண்டையும் திருத்தினார்கள்.

அதற்குள் நான்கு வருஷம். அந்த நான்கு வருஷமும் சர்க்கார் சொல்லிவந்த சமாதானம் இது: "நகரசபையிடம் தனியாக ஒரு நிதி இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்கள் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்." கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டாலும் இல்லை. கொடுத்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பிறகு மறுபடியும் விண்ணப்பம். மாதம் பிறந்ததும் கையில் வந்து சேரும் பணத்துக்கும், ஒவ்வொரு தடவையும் முகம் பார்த்துக் கேட்டு வாங்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

எல்லோரும் ஜெயித்துவிடவும் இல்லை. ஒரு தாய், கடும் ஊனமுள்ள மகளோடு, மகளுக்கென்றே கதவும் குளியலறையும் மாற்றிக் கட்டிய வீட்டில் இருந்தாள். அவள் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரைக்கும் போனாள். 2019 அக்டோபரில் அவளுக்குப் பாதகமாகத் தீர்ப்பாயிற்று; வேறு சின்ன வீட்டையும் அதே மாதிரி மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம் அல்லவா என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில் இன்னொரு பெண்ணுக்கு வெற்றி. முன்பு பழகிய முரடன் ஒருவனுக்குப் பயந்து வாழ்ந்தவள். அவன் கதவை உடைத்துக்கொண்டு வந்தாலும் பிள்ளையோடு ஒளிந்துகொள்வதற்காகச் சர்க்கார் செலவிலேயே வீட்டில் ஒரு பத்திர அறை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். சர்க்காரே அந்த வீட்டில் ஓர் அறை உபரி என்று சொல்லிப் பணத்தையும் பிடித்தது!

சட்டம் ரத்தாகிவிடவில்லை. ஸ்காட்லாந்துச் சர்க்கார் மட்டும் 2014-லிருந்து தன் கைப்பணத்தைப் போட்டு அந்த வெட்டை ஈடுகட்டி வருகிறது. எல்லோரும் சின்ன வீடுகளுக்கு மாறிவிடுவார்கள் என்று போட்ட திட்டமும் பலிக்கவில்லை. முதல் ஆறு மாதத்தில் அப்படி மாறியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று சர்க்கார் நியமித்த ஆய்வே சொல்லிற்று. மாறுவதற்குச் சின்ன வீடு இருந்தால்தானே!

"சரி, வெள்ளைக்காரத் தேசத்துச் சமாசாரம். நமக்கு யார் வாடகைக்குப் பணம் கொடுக்கிறார்கள், பிடித்துக்கொள்வதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம்தான். நம் ஊரில் இந்தக் காகிதம் தபாலில் வருவதில்லை. அதையே வீட்டுக்கார அம்மாள் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிடுகிறாள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் ஏறி, மீஞ்சூர், பொன்னேரி தாண்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்குங்கள். திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடி. அதற்கப்பால் ஆந்திரா. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் ராத்திரி பகல் பாராமல் ஓடுகின்றன. அவற்றை நம்பிச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலெல்லாம் லைன் வீடுகள் முளைத்திருக்கின்றன. நீளமாக ஒரு கட்டடம், வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஓர் அறை, அறைக்குள்ளேயே ஒரு மூலையில் சமையல் மேடை. கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறையும் கக்கூஸும்; அதற்கு ஏற இரண்டு படி.

இங்கே ஒரு குடும்பத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. புருஷனுக்கு மில்லில் விபத்து. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. மனைவி பக்கத்துக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி. லைன் வீட்டில் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு அறை உள்ள வீடு கேட்டுப் போகிறாள் மனைவி.

"எத்தனை பேரும்மா நீங்க?"

"மூணு பேருங்க அக்கா."

"மூணு பேருக்கு எதுக்கும்மா ரெண்டு ரூமு? அவரும் படுத்த படுக்கைன்றே. ஒத்த ரூமே தாராளமாச்சே. வாடகையும் மிச்சம்."

அந்த அக்கா கெட்டவள் இல்லை. நல்லதுதான் சொல்கிறாள். லண்டனில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினாரே ஓர் அதிகாரி, அவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். இருவரும் தலையை எண்ணினார்கள், அறையை எண்ணினார்கள். ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்க்கவில்லை. நாம் அளந்து பார்ப்போமா?

அறை பத்தடிக்குப் பத்தடி. ஆஸ்பத்திரிக் கட்டிலின் அகலம் 3 அடி. நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கி உட்கார வைத்த பிறகு வீல் சேர் ஒரு சுற்றுத் திரும்ப வேண்டுமே, அதற்கு 1,500 மில்லிமீட்டர், அதாவது சுமார் 5 அடி, வெற்றிடம் வேண்டும் என்று மத்திய சர்க்காரின் கட்டட வழிகாட்டி விதிகளே சொல்கின்றன. மூன்றும் ஐந்தும் எட்டு. மிச்சம் 2 அடி. அந்த இரண்டடியில்தான் சமையல் மேடை, தண்ணீர்க் குடம், துணிப் பெட்டி, புத்தகப் பை, கமோடு சேர். எல்லாம் போக மனைவிக்கும் மகளுக்கும் பாய் விரிக்க வேண்டும். நம் வீட்டுப் பாய் ஒன்றின் அகலமே இரண்டரை அடிக்குக் குறையாது!

உணர்ச்சியில்லாத உடம்பை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போட வேண்டும். யூரின் பேக்கைப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் துணி மாற்ற வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பெண் அதே அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறாள். தூங்குகிற மாதிரி பாவனை பண்ணுகிறாள், பாவம். வயது வந்த பெண்ணின் எதிரில் இப்படித் துணி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அந்த மனுஷர் படுகிற வேதனையை எந்த அளவுகோலால் அளப்பது? அந்த இரண்டாவது அறை யாருக்கு என்று இப்போது தெரிகிறதல்லவா?

நம் சட்டங்கள் இந்த மனுஷரின் உடம்பை எண்ணாமல் விட்டுவிடவில்லை. தொழிலாளர் நஷ்டஈட்டுக்காக 1923-ல் எழுதிய சட்டத்தின் அட்டவணை ஒரு கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 நஷ்டம் என்றது. ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் 50. இ.எஸ்.ஐ.யும் இதே போன்ற கணக்கை வைத்துத்தான் ஆயுள் முழுவதற்கும் பணம் கட்டித் தந்து வந்திருக்கிறது. தமிழ்நாடு சர்க்கார் வருவாய்த் துறை மூலம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் மாதாந்திர உதவி 2023 ஜனவரியிலிருந்து 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பராமரிப்புத் தொகை அதற்கு முன்பே 2,000 ஆகியிருந்தது. வேண்டாத உதவி என்று யார் சொல்வார்கள்? மருந்துக்கும் டயபருக்கும் ஆகிறதே. ஆனால் இதெல்லாம் ஆளுக்கு. அவர் ஒரே அறையில் இருந்தாலும் அதே தொகை, மூன்று அறையில் இருந்தாலும் அதே தொகை. இங்கே அறைக்காக யாரும் பிடித்துக்கொள்வதுமில்லை, அறைக்காக யாரும் கூட்டிக் கொடுப்பதுமில்லை.

சர்க்காரே வீடு கட்டிக் கொடுக்கும் இடத்திலும் தலைக்கணக்குத்தான், அதாவது குடும்பத்துக்கு ஒரு வீடு. குடிசை மாற்று வாரியம் என்று 1970-ல் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதே, அதன் அடுக்குமாடி வீடுகளில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை என்பது வழக்கமான அமைப்பு. பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம் முதலில் வந்தபோது ஏழைகளுக்கான வீட்டின் உள்ளளவு 30 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 323 சதுர அடி வரைதான் என்று இருந்தது. அதற்குள் கட்டிலும் நாற்காலியும் குடும்பமும் அடங்கியாக வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டியிலேயே இன்னொரு குடியிருப்பும் இருக்கிறது. இலங்கையில் 1983-ல் மூண்ட கலவரத்துக்கும் போருக்கும் தப்பிக் கடல் கடந்து வந்த தமிழர்களின் முகாம். அகதி முகாம் என்ற பேரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். தமிழ்நாட்டின் இத்தகைய முகாம்களில் ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்த வீடுகளில் பல பத்தடிக்குப் பத்தடிதான். அங்கே பணம் ஆளுக்குக் கணக்கு: 2021-ல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. வீடு மட்டும் குடும்பத்துக்கு ஒன்று. அந்தக் குடும்பத்தில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தாலும் சரி, துள்ளி ஓடும் பிள்ளைகளாக இருந்தாலும் சரி. தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் 7,469 புது வீடுகள் கட்டுவதாக அதே வருஷம் அறிவித்தார்கள். புது வீட்டின் கதவு என்ன அகலம் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. எத்தனை வீடு, எத்தனை கோடி என்பதைத்தான் கேட்டோம்.

சட்டம் ஒன்றும் ஊமையில்லை. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, வீட்டு வசதித் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து வீடு அவர்களுக்கு என்கிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. 24-ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்காக, பார்த்துக்கொள்ளும் ஆளுக்கென்று ஒரு தொகையைப் பற்றியும் பேசுகிறது. பிரதம மந்திரி திட்டத்தின் விதிகள், வீடு ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பத்துக்குத் தரைத்தளத்தில் அல்லது கீழ் மாடிகளில் முன்னுரிமை தர வேண்டும் என்கின்றன. 2024 நவம்பர் 8-ஆம் தேதி நம் சுப்ரீம் கோர்ட்டும், கட்டடங்களை எல்லோரும் புழங்கும்படி அமைப்பது பற்றிய விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நூற்றுக்கு ஐந்து வீடு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த ஐந்தில் எத்தனை அறை, அந்த அறையின் கதவுக்குள் வீல் சேர் நுழையுமா, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவள் எங்கே தலை சாய்ப்பாள் என்பதைக் கேட்காவிட்டால் என்ன பிரயோஜனம்? பிரிட்டனில் கொடுத்த அறைக்குப் பணத்தைப் பிடித்தார்கள், ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இங்கே அறையைக் கொடுக்கவே இல்லை. ஆகவே வழக்குப் போட ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், நம்முடையதுதான் பெரிய வெட்டு. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் மனசில் உள்ளது ஒன்றைச் சொல்கிறேன். விதி எழுதுகிறவர்கள் மேஜையில் எப்போதும் நோயாளியின் பெயர் இருக்கும்; நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளின் பெயர் இருக்காது. நம் தேசத்தில் அவள் யார்? மனைவி, தாய், மருமகள், கல்யாணமாகாத அக்கா. சம்பளமில்லாத இரவு நர்ஸ். வேல்ஸில் வாரத்துக்குச் சில இரவு வந்து தங்குகிறவளுக்கு ஓர் அறை வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். வாரத்தில் ஏழு இரவும், வருஷம் 365 நாளும் விழித்திருக்கிற நம் கும்மிடிப்பூண்டிக்காரிக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி என்றா சொல்வது?

உங்களில் யாருக்காவது இது சொந்த விஷயமாக இருந்தால் சில காரியங்களைச் சொல்லி வைக்கிறேன். வாரிய வீட்டுக்கு மனுப் போடும்போது வீட்டில் மாற்றுத்திறனாளி இருப்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது மாடி ஒதுக்கிவிட்ட பிறகுதான் சொல்ல நேரும். தேசிய அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். தரைத்தளம் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏன் என்பதையும் எழுதுங்கள். கட்டில் என்ன அகலம், வீல் சேர் எப்படித் திரும்ப வேண்டும், ராத்திரி யார் கூடப் படுக்கிறார்கள் என்பதை அடிக்கணக்கில் எழுதுங்கள். "மிகவும் சிரமப்படுகிறோம்" என்ற வாக்கியத்தை அதிகாரி தினமும் ஐம்பது மனுவில் படிக்கிறார். "மிச்சம் 2 அடி" என்பதைப் படித்தால் கொஞ்சம் நின்று பார்ப்பார். திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று தனியாகவும் உண்டு. மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளாமல் திரும்பாதீர்கள்.

வீடு வாடகைக்கு விடுகிற சகோதரிகளிடமும் ஒரு வார்த்தை. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் குடும்பம் உங்களிடம் வீடு கேட்டு வந்தால், "எத்தனை பேர்?" என்பதற்குப் பதிலாக, "கட்டிலை எங்கே போடப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே வேறு வழியில் போகும். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிக்கட்டுமா என்று அவர்கள் கேட்டால் சுவர் போய்விடும் என்று பயப்படாதீர்கள். வாசலில் சாய்தளம் போட்டுக்கொள்கிறோம் என்றால் சம்மதியுங்கள். ஆனால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் நாலடியில் செங்குத்தாகப் பூசிவிட்டுப் போவார்; நாற்காலி அதில் ஏறாது, இறங்கும்போது உருண்டுவிடும்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வாசற்கதவை அளவுங்கள், நிலைக்குள்ளே 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றடி, இருக்க வேண்டும். குளியலறைக் கதவையும் அளவுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டேகால் அடிதான். பிறகு கட்டில் போடப்போகும் சுவரை அளவுங்கள். மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக நீங்களே எழுதிக் கொடுக்காத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. கையெழுத்துப் போடுமுன் அந்த இடத்தை ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள்.